மூன்றரை மணி

தம்பி, உன் இரண்டு பெட்டிகளும் கதவடியில் நிற்கின்றன. குசினிக்குப் போகும்போதெல்லாம் அவற்றைச் சுற்றித்தான் போய் வருகிறேன். சனிக்கிழமை காலை பாரிஸ் கார் து லெஸ்ற் நிலையத்தில் நீ ரயில் ஏறுவாய். ஜெர்மனியில் உனக்கு வேலை கிடைத்த செய்தி நம் ரூ பெர்தொனே தெரு முழுக்கப் பரவிவிட்டது. நகைக்கடைக்காரர் நேற்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வழியில் நீ ஓரிடத்தில் இறங்கப் போவது மட்டும் நம் இருவருக்குள் இருக்கிறது. ரைன் ஆற்றுக்கு அக்கரையில், உன் அப்பா பிறந்த சிறு பட்டணத்தில், அவருடைய அக்கா ஹெல்கா மாமியை நினைவு தெரிந்து முதல் தடவையாகப் பார்க்கப் போகிறாய். நீயே முகவரி தேடிப் பிடித்து எழுதிய கடிதத்துக்கு நேற்று அவவின் பதில் வந்தது. எனக்கு எப்போதும் பிரெஞ்சில் பதில் சொல்கிற நீ, நேற்று மேசையில் என் முன்னால் இருந்து, ஜெர்மனில் ஒரு வரி வாசித்து, அதைத் தமிழில் எனக்குச் சொல்லி, அடுத்த வரிக்குப் போனாய். கடைசியில், “கோப்பி குடிக்க வரட்டாம் அம்மா, சனிக்கிழமை மூன்றரைக்கு” என்றாய். நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். பால் பொங்குகிறது என்றேன். அடுப்பில் பாலே இருக்கவில்லை.

நீ பின்னாலேயே வந்தாய். “அப்பப்பாவின்ர செத்தவீட்டில அவை அப்பாவுக்காகக் காத்திருக்கேல்லை எண்டது எனக்குத் தெரியும். நான் சண்டைக்குப் போகேல்லை அம்மா. ஏன் எண்டு ஒருக்காக் கேட்பன், அவ்வளவுதான்.” உன் அப்பாவின் அதே தாடை, அதே அமைதி. தம்பி, அந்தக் கேள்வியோடு நீ அந்த வீட்டுப் படி ஏறக் கூடாது. அதற்குரிய பதில் கிட்டத்தட்ட இருபத்தைந்து வருடமாக நம் வீட்டில், என் பழைய கொப்பி ஒன்றில் எழுதிக் கிடக்கிறது. முகத்துக்கு நேரே சொல்ல மூன்று தடவை வாயைத் திறந்தேன். ஒரு தடவை சோறு போட்டேன், ஒரு தடவை உன் குளிர்ச்சட்டையைப் பற்றிக் கேட்டேன், மூன்றாம் தடவை நீ தூங்கப் போய்விட்டாய். ஆகவே எழுதுகிறேன். பிரெஞ்சில் எழுதினால் உனக்குச் சுகம். ஆனால் பிரெஞ்சில் நான் இந்த லாச்சப்பல் தமிழரில் அரைவாசிப் பேருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவள். எந்தப் பிழையையும் ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்று மடித்து உறையில் போட எனக்குத் தெரியும். தமிழில் அந்த வித்தை எனக்கு வராது. எழுத்துக்கூட்டியாவது நீயே வாசி. இதன் ஒரு பிரதியைக் கடைகளில் இலவசமாக வைக்கிற மாதச் சஞ்சிகைக்கும் கொடுக்க நினைத்திருக்கிறேன். அது ஏன் என்பது வாசிக்கும்போது விளங்கும். வேண்டாம் என்றால் சொல்லு.

உன் அப்பப்பாவிலிருந்து தொடங்க வேண்டும். அவர் மின்சார வேலைக்காரர். அந்தப் பட்டணத்தில் தேர்ச்சிப் பத்திரம் பெற்று, தன் பெயரில் கடை வைத்த மேஸ்திரி. ஆனால் அதற்கு முன்பு அவர் கைதி. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. பிரெஞ்சுக்காரரிடம் அகப்பட்டு, பிரான்சின் வடக்கே ஒரு பண்ணையில் மூன்று வருடம் பீற்றூட் பிடுங்கினார். ஊருக்குத் திரும்பியபின் அந்த மூன்று வருடத்தைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஒரேயொரு சொல் மட்டும் அவரையறியாமல் கூடவே வந்துவிட்டது. மெல்லிய வயரை வளைக்கும்போது, பழைய சுவரில் துளை போடும்போது, வாய்க்குள்ளே ‘துஸ்மோன், துஸ்மோன்’ என்பாராம். அந்தப் பண்ணைக்காரி குதிரையிடம் சொல்கிற சொல். மெல்ல, மெல்ல. உன் அப்பா சின்னப் பிள்ளையில் அது ஒரு வகைக் குறட்டின் பெயர் என்று நினைத்திருந்தார். ஒருநாள் தகப்பன் ஏணியில் நின்று குறடு கேட்டபோது, “துஸ்மோனைத் தரட்டா அப்பா?” என்று கேட்டிருக்கிறார். அப்பப்பா இறங்கி வந்து, கடையைப் பூட்டிவிட்டு ஆற்றங்கரைக்குப் போய்விட்டாராம். இதை உன் அப்பா எனக்குச் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் தொடங்கினார். முடிக்கும்போது சிரிப்பு இருக்கவில்லை.

ஹெல்கா மாமி உன் அப்பாவைவிட ஆறு வயது மூத்தவ. வளர வளரத் தகப்பனோடு ஏணி சுமந்தவ, கடையைக் கூட்டியவ, கூப்பிட்ட வீடுகளுக்கு வயர்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு போனவ எல்லாம் அவதான். ஆனால் உன் அப்பா பிறந்த கிழமையே அப்பப்பா கடைப் பலகையை இறக்கி, தன் பெயருக்குப் பக்கத்தில் ‘மகனும்’ என்று எழுதுவித்தார். தொட்டிலில் கிடக்கிற பிள்ளை பலகையில் ஏறிவிட்டது. ஏணி பிடித்த பிள்ளை கடைசிவரை ஏறவில்லை. உன் அப்பா வளர்ந்து, தொழில் பழகி, பரீட்சையும் எழுதிவிட்டு, ஆறு மாத வேலை என்று பாரிசுக்கு வந்தார். புறப்படும்போது அப்பப்பா சொன்ன வசனத்தை அவர் எத்தனையோ தரம் எனக்குச் சொல்லியிருக்கிறார்: “நான் துவக்குமுனையில் போன இடத்துக்கு நீ விரும்பிப் போறியோ?” வந்த முதல் வாரம், ஏதோ ஒரு கட்டடத்தில் ஏணி ஆட, கீழே நின்ற பிரெஞ்சுக்காரர் ‘துஸ்மோன், துஸ்மோன்’ என்று கத்தியிருக்கிறார். உன் அப்பா ஏணியிலேயே நின்றுவிட்டார். குறட்டின் பெயர் அல்ல என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த ஒரு சொல்லுக்காகவே இந்த ஊர் பிடித்துப்போய்விட்டது என்பார். ஆறு மாதம் நாற்பது வருடமாயிற்று. பலகை மாறவில்லை. வராத மகனின் பலகைக்குக் கீழே அந்தக் கடையை இளைப்பாறும்வரை நடத்தியவ ஹெல்கா மாமி. அவவைப் பற்றி யாராவது உனக்கு ஏதாவது சொன்னால், முதலில் அந்தப் பலகையை நினைத்துக்கொள்.

என்னைப் பற்றியும் ஒன்று நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பிழை அங்கிருந்துதான் வந்தது. யாழ்ப்பாணத்தில் வகுப்பிலே நான் முன்வரிசை, முன்வாங்குப் பிள்ளை. வாத்தியார் கேள்வியை முடிக்குமுன் என் கை மேலே நிற்கும். புதுச் சொல் எது கேட்டாலும் கொப்பியில் எழுதுவேன். பதினேழு வயதில் இங்கே வந்து இறங்கியபோதும் பையில் உடுப்பைவிடக் கொப்பிதான் அதிகம் என்று உன் பெரிய மாமா இன்றைக்கும் பகிடி பண்ணுவார். ‘தெரியாது’ என்ற சொல்லைத் தவிர மற்ற எல்லாச் சொல்லும் அந்தக் கொப்பிகளில் இருக்கின்றன. இங்கே லிசேயில் பள்ளிப் படிப்பு முடித்து, அதே மாமாவின் சேலைக்கடையில் கணக்கும் கடிதமும் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் கடை முழுக்கக் கறண்ட் போய்விட்டது. நீட்டு மனிதர் ஒருவர் ஏணியோடு வந்தார். மாமா அவருக்குப் பிரெஞ்சிலும் கையாலும் விளங்கப்படுத்திக்கொண்டே, பின்னால் நின்ற வாடிக்கையாளருக்கு “ஓம், ஓம், இப்ப வந்திடும். ஓம் அக்கா, நில்லுங்கோ” என்றார். அந்த மனிதர் ஏணியிலிருந்து திரும்பிப் பார்த்து, “இங்கே எல்லோருக்கும் மின்சாரம் தெரியுமா? வந்ததிலிருந்து ஓம் ஓம் என்கிறீர்களே, எத்தனை ஓம்?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பள்ளியில் விஞ்ஞான வாத்தியார், “மின்தடையின் அலகு என்ன?” என்று கேட்பார். “ஓம் சேர்” என்போம். “ஓம் எண்டால், சொல்லன்!” என்று பிரம்பை எடுப்பார். இதை நான் அவருக்குச் சொல்ல, அவர் ஏணியில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மாமாதான், “பிள்ளை, ஆளை விழுத்திப்போடாதை, பிறகு ஆர் கறண்டைத் தாறது?” என்றார்.

மன்பிரெட் என்ற பெயர் லாச்சப்பல் வாயில் நுழையவில்லை. இரண்டாம் மாதமே அவர் மணியண்ணை. ரூ பிலிப்-து-ஜிராரில் பாதிக் கடைகளின் வயர் அவர் கை. ஒவ்வொரு வயரிலும், ஒவ்வொரு சுவிச்சிலும் சின்னச் சீட்டு ஒட்டிப் பெயர் எழுதாமல் ஒரு வேலையையும் அவர் முடித்ததில்லை. தகப்பனிடம் பழகிய முறை. என்னிடம் எழுத்துப் பழகித் தமிழிலேயே எழுதுவார். ‘சாமி லைற்’, ‘தோசைக்கல்’, ‘பெரிய பிறிஜ்’. இன்றைக்கும் அந்தக் கடைகளின் மின்பெட்டிகளைத் திறந்தால் அந்தக் கையெழுத்து இருக்கும். நம் வீட்டுப் பெட்டியில் வாசல் அழைப்புக்கு ‘மணி’ என்று எழுதிவிட்டு, “இது நான்” என்று தன் நெஞ்சைத் தொட்டார். மணி என்றால் நேரமும்தான் என்று அன்றைக்கு நான் சொல்லிக் கொடுத்தேன்.

எங்கள் கல்யாணத்துக்கு ஜெர்மனியிலிருந்து யாரும் வரவில்லை. இங்கேயும் மாமா இரண்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை. அதை நீ கேட்டிருக்கிறாய். கேட்காத ஒன்று: நீ வயிற்றில் இருந்தபோது ஊரில் என் அப்பா இறந்தார். பாதையெல்லாம் பூட்டு, சண்டை. போக வழியே இல்லை. உன் அப்பா மூன்று நாள் வேலைக்குப் போகாமல் என் பக்கத்தில் இருந்தார். மூன்றாம் நாள், “எனக்குப் பாதை திறந்துதான் கிடக்குது. ரயில் பத்து நிமிச நடையில நிக்குது. நான் போகாமல் இருக்கிறன், பார்” என்றார். நீ பிறந்ததும் உன் படம் ஒன்றைத் தகப்பனுக்கு அனுப்பினார். பதில் வரவில்லை. உனக்கு நாலு வயதாகிற வருடம் ஒரு பொதி வந்தது. கடிதம் இல்லை. உள்ளே, எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றிய அப்பப்பாவின் சின்னக் குறடு. கைபிடியில் ஒட்டிய சீட்டில், வயருக்கு எழுதுகிற அதே சின்ன எழுத்தில் ஒரு சொல்: துஸ்மோன். உன் அப்பா அதை நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். கோடையில் போவோம், இந்தக் கட்டட வேலை முடியட்டும் என்றார். நானும் ஓம் என்றேன். பங்குனியில் தொலைபேசி அடித்தது.

அந்தக் காலத்தில் கைத்தொலைபேசி எங்களிடம் இல்லை. அப்பா வேலையிடத்தில், நீ கட்டிலில் காய்ச்சலோடு. அப்போது நான் சனிக்கிழமைகளில் ஜெர்மன் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன், கோடையில் அப்பப்பாவோடு இரண்டு வார்த்தை கதைக்க வேண்டும் என்று. ஹெல்கா மாமியின் குரலை அன்றைக்குத்தான் முதல் தரம் கேட்டேன். எனக்காக மிக மெதுவாகச் சொன்னா. தங்கள் அப்பா இறந்துவிட்டார். வெள்ளிக்கிழமை அடக்கம். எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியதில் எனக்கு ஒரு சந்தோசம் வந்தது தம்பி, சாவுச் செய்தியில். அதை எழுதவே கூசுகிறது. பிறகு நேரம் சொன்னா: ‘ஹல்ப் ட்ரை.’ ஹல்ப் என்றால் அரை. ட்ரை என்றால் மூன்று. மூன்றும் அரையும் மூன்றரை. தமிழிலும் அப்படித்தான், பிரெஞ்சிலும் அப்படித்தான், பிறகு ஜெர்மனில் மட்டும் வேறு எப்படி இருக்கும்? “விளங்கியதா?” என்று கேட்டா. ‘யா, யா’ என்றேன், கை உயர்த்துகிற பிள்ளைபோல. “ஏதாவது கேட்க வேண்டுமா?” ஒன்றுமில்லை என்றேன். கொப்பியில் அழகான எழுத்தில் குறித்தேன்: வெள்ளி, 3.30.

உன் அப்பா வந்து, குந்தி இருந்து, சப்பாத்தைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “மூண்டரையோ? அங்கை வழமையா அதுக்கு முன்னமெல்லோ வைக்கிறவை” என்றார். “மூண்டரை எண்டுதான் சொன்னவ. இஞ்சை, எழுதி வைச்சிருக்கிறன்” என்று கொப்பியை நீட்டினேன். இரண்டு தரம் அந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துப் பார்த்தார், யாரும் எடுக்கவில்லை. கொப்பியைத் திரும்பப் பார்த்தார். “நீ எழுதினால் சரியாத்தான் இருக்கும்” என்றார்.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு முன்பே அந்தப் பட்டணத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். நீ பின்சீட்டில் தூங்கினாய். அத்தனை வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் முதலில் போக அவருக்குப் பயம். நேரே இடுகாட்டுக்கே போவோம், மூன்று மணிபோலப் போனால் காணும் என்று ஆற்றங்கரையில் வாகனத்தை நிற்பாட்டினார். சப்பாத்தைத் துடைத்தார். நகத்துக்குள் இருந்த சாம்பல் நிறச் சாந்தைக் குறட்டு முனையால் எடுத்தார். நான் சாப்பிடப் பாண் வெட்டினேன். இரண்டரைக்குக் கோயில் மணி அடிக்கத் தொடங்கியது, நெடுநேரம் அடித்தது. “என்ன வடிவா அடிக்குது” என்று நான் சொன்னேன். அவர் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தார். “ஆரோ வேற ஆளுக்காக்கும்” என்றார். எங்களிடம் இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. அந்த ஒரு மணித்தியாலம் நாங்கள் இருந்த இடம், அவர் தகப்பனின் குழிக்குக் கூப்பிடு தூரம்.

மூன்று மணி கடந்து போனபோது ஆட்கள் இடுகாட்டு வாசலால் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். உள்ளே இரண்டு பேர் மண் இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள். உன் அப்பா நடந்த வேகம் குறைந்து குறைந்து, குழிக்கு நாலு அடி இருக்கும்போது நின்றே போனது. ஹெல்கா மாமி திரும்பி வந்தா. கறுப்புக் கோட்டு, கையில் குழிக்குள் மண் போடுகிற சின்ன மண்வெட்டி. “வந்திட்டாய்போல” என்றா. “நீங்கள் காத்திருக்கேல்லை” என்றார். “நிண்டு பார்த்தோம்.” “நேரம் சொன்னது நீ.” “ஓம், நான்தான் சொன்னன்.” அவ்வளவுதான் பேச்சு, ஜெர்மனில் சொன்னதை நான் நம் கதையில் எழுதியிருக்கிறேன். யாராவது ஒருவர் அந்த நேரம் எத்தனை மணி என்று வாயால் சொல்லியிருந்தால் அங்கேயே எல்லாம் அவிழ்ந்திருக்கும். இரண்டு பேருமே சொல்லவில்லை. வேண்டுமென்றே பிந்தி வந்து அவமதிக்கிறான் என்று அவ நினைத்தா. வேண்டுமென்றே முந்தி மூடிவிட்டார்கள் என்று இவர் நினைத்தார். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு நடுவில் நின்றேன். மண் இழுத்த ஆட்களில் ஒருவர் உனக்கு ரொபி இனிப்பு ஒன்று தந்தார். உனக்கு அது மட்டும்தான் நினைவிருக்கிறது என்று ஒருமுறை சொன்னாய்.

இந்தக் கதை லாச்சப்பலுக்கு வந்து சேர அதிக நாள் எடுக்கவில்லை. தேத்தண்ணிக் கடையில் உன் அப்பாவைச் சுற்றி நின்று, “தமிழிச்சியைக் கட்டினதுக்காகத் தகப்பன்ர முகத்தையே பாக்க விடேல்லை பார், அந்தத் தமக்கைக்காரி” என்றார்கள். அன்பால் சொன்னார்கள். மணியண்ணை நம்மவர், அவருக்கு அநியாயம் நடந்தது என்று இந்தத் தெருவே அவருக்காகக் கோபப்பட்டது. அவர் மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. அப்போது எனக்கு உண்மை தெரியாது என்பது முதல் ஆறு கிழமைக்கு மட்டும்தான் பொருந்தும்.

ஆறாம் கிழமை ஜெர்மன் வகுப்பில் ஆசிரியை கரும்பலகையில் ஒரு மணிக்கூடு கீறினா. பெரிய முள்ளை ஆறில் வைத்து, சின்ன முள்ளை இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் வைத்து, அதற்கு நேரே ‘ஹல்ப் ட்ரை’ என்று எழுதினா. மூன்றாவது மணியில் பாதி போய்விட்டது என்று எண்ணுவார்களாம். இரண்டரை, தம்பி. கொப்பியில் அந்த மணிக்கூட்டை நானும் கீறினேன், பழக்கதோசம். வட்டம் மட்டும் சரியாக வரவில்லை. வீட்டுக்கு வந்தேன். உன் அப்பா உனக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். “இண்டைக்கு என்ன படிச்சனி?” என்றார். “மணி பாக்க” என்றேன். “அட, என்னைப் பாக்க வகுப்பு வேணுமோ?” என்று சிரித்தார். செத்தவீட்டுக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். நான் எழுதினால் சரியாக இருக்கும் என்று ஒருவர் நம்பியிருந்தார். அந்த இடத்திலிருந்து இறங்க எனக்கு விருப்பமில்லை. அடுத்த சனிக்கிழமையிலிருந்து வகுப்புக்குப் போகவில்லை. களைப்பு என்றேன்.

பிழை விட்டது ஒரு நிமிசம். மறைத்தது இருபத்துமூன்று வருடம். முதல் வருடம் சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே ரயில் ஏறியிருப்பார். ஐந்தாம் வருடம் சொல்லியிருந்தால் என்னோடு ஒரு மாதம் கதைக்காமல் இருந்துவிட்டு ஏறியிருப்பார். பத்தாம் வருடம், பதினைந்தாம் வருடம் என்று போகப்போக, சொல்ல வேண்டியது ஒரு நேரத்தைப் பற்றி இல்லாமல் என்னைப் பற்றியதாக மாறிவிட்டது. கார் து லெஸ்ற்றுக்கு மேலால் போகிற பாலத்தில் அவர் தினமும் நடந்துதான் வேலைக்குப் போனார். கிழக்கே போகிற தண்டவாளங்களைப் பார்க்காமல் மறுபக்க நடைபாதையால் போவார். நான் அவரோடு போகிற நாட்களில் அந்தப் பக்கம் நான் நடந்தேன், மறைப்பாக.

பிறகு வைத்தியசாலை. கடைசிக் கிழமையில் ஒரு பின்னேரம். நீ கீழே கோப்பி எடுக்கப் போயிருந்தாய். கையைப் போர்வைக்கு மேலே வைத்துக்கொண்டு சொன்னார்: “அவை எனக்காகக் காத்திருக்கேல்லை, என்ன?” கேள்வியா, கதையா என்று தெரியவில்லை. நான் ‘ஓம்’ என்றேன். நம் ஆட்களின் ஓம் உனக்குத் தெரியும்தானே. சரி என்பதற்கும் ஓம். கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கோ என்பதற்கும் ஓம். நான் சொன்னது எந்த ஓம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். எத்தனை ஓம் என்று ஏணியிலிருந்து கேட்டு என்னைச் சிரிக்க வைத்த மனிதருக்கு நான் கொடுத்த கடைசி ஓம் அது.

அவர் போனபின் ஹெல்கா மாமிக்கு நான் அறிவிக்கவில்லை. முகவரி இல்லை என்று உனக்குச் சொன்னேன், இருந்தது. வந்தால், ஏதாவது பேச்சில், ‘ஹல்ப் ட்ரை’ என்ற சொல் அவ வாயிலிருந்து உன் முன்னால் விழும் என்று பயந்தேன். நேற்று அவவின் கடிதத்தில் நீ வாசித்தாயே, “என் தம்பி இறந்து இரண்டு வருடம் என்பதை உன் கையெழுத்தில் அறிந்தேன்” என்று. அடுத்த வரி, “அன்றைக்கு அவனுக்கென்று ஒரு மண்வெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கால் மணித்தியாலம் நின்றேன், போதகர் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிய பின்தான் குழியை மூட விட்டேன்.” நீ அதை வாசித்துவிட்டு, “சும்மா சொல்லுறா” என்றாய். இல்லை தம்பி. அந்த மண்வெட்டியை நான் கண்டேன். தன் தம்பியின் செத்தவீட்டுக்கு அவவும் வர முடியாமல் போனது. ஒரு குடும்பத்தில் இரண்டு மரணத்துக்கும் நான்தான் நேரம் குறித்திருக்கிறேன்.

உனக்குப் புத்திமதி சொல்லத் தகுதி எனக்கு இருக்கிறதோ தெரியாது. ஒன்று மட்டும். நீயும் என்னைப்போல முன்வாங்குப் பிள்ளை. எல்லாம் விளங்கினதுபோலத் தலையாட்டுவாய், ஆசிரியர்கள் அதைத்தான் மெச்சினார்கள். புது ஊரில், புது மொழியில், விளங்காத இடத்தில் விளங்கவில்லை என்று சொல்லு. வெட்கம் அரை நிமிசத்தில் போய்விடும். நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வந்து, நீ எழுதினால் சரியாக இருக்கும் என்று நம்புகிற நாளில், அந்த நம்பிக்கைக்குப் பயப்படு. பிழை தெரிந்த அன்றைக்கே, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாலும், சிரித்துக்கொண்டிருந்தாலும், சொல்லிவிடு.

சஞ்சிகைக்கு ஏன் என்று கேட்பாய். ஹெல்கா மாமியை ஒருநாளும் பார்க்காத இந்தத் தெரு அவவைத் திட்டியிருக்கிறது, என் வாயை மூடி நான் கொடுத்த அனுமதியோடு. காதுக்குள் சொல்லித் திருத்துகிற விசயம் அல்ல இது. தேத்தண்ணிக் கடையில் வைத்துச் சத்தமாக வாசிக்கட்டும். மணியண்ணையின் தமக்கை நல்லவ. தாமதித்தது அவ அல்ல, மணியண்ணையும் அல்ல.

இந்தக் கடிதத்தோடு கொப்பியிலிருந்து இரண்டு தாள் கிழித்து வைத்திருக்கிறேன். ஒன்றில் ‘வெள்ளி, 3.30’. மற்றதில் நான் கீறிய கோணல் மணிக்கூடு. இரண்டையும் ஹெல்கா மாமியின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வை. அவவுக்கு விளக்கம் தேவைப்படாது. ஜெர்மன் தெரிந்த ஆளுக்கு அது ஒரு பார்வை. அப்பாவின் நெஞ்சுப் பையிலிருந்த குறட்டை உன் சின்னப் பெட்டியில், காலுறைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். அந்தப் பழைய கடைப்பலகை தன் நிலவறையில் இருக்கிறது, வேண்டுமென்றால் கொண்டுபோ, வேண்டாம் என்றால் விறகு என்று எழுதியிருக்கிறாவே. அதைப் பற்றி நீயே முடிவெடு. ஆனால் அதை எடுக்கிறதென்றால், மகள் என்ற சொல்லை அதில் எழுதுவித்த பிறகு எடு.

ஹல்ப் ஃபீர் என்று அவ எழுதியிருக்கிறா. ஃபீர் என்றால் நாலு. என்னிடம் அன்றைக்குக் கேட்டிருந்தால் நாலரை என்று உன்னை அனுப்பியிருப்பேன். நீ சரியாகச் சொன்னாய்: மூன்றரை. அந்தப் பட்டணத்தில் அந்த நேரத்துக்கு இந்தக் குடும்பத்தில் ஒருவர் சரியாகப் போய்ச் சேரப் போகிறார். கால் மணித்தியாலம் முந்திப் போ. கதவைத் திறந்ததும் முதலில் தாள்களைக் கொடு, பிறகு கையைக் கொடு. என்னைப் பார்க்க அவவுக்கு விருப்பமில்லை என்றால் அதையும் எனக்கு அப்படியே சொல்லு. வரட்டும் என்று சொன்னால், எந்த நாள், எத்தனை மணி என்று கேள். அவ சொன்னதும் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிடாதே, தம்பி. இலக்கத்தில் எழுதித் தரச் சொல்லு.